கார்டில் காலியாக விட்ட இரண்டு கட்டங்கள்

போன மாதம் எங்கள் ஊர்ப் பயிற்சி நிலையத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பீங்கான் தொழில் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு மலர் போடுகிறார்களாம். இப்போது மாடல் செய்யக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. திரையில் வரைந்து கொடுத்தால் இயந்திரமே உருவத்தைச் செய்து தள்ளிவிடுகிறது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, என் முதுகுவலிக்கு அந்த இயந்திரம் முப்பது வருடம் முன்னால் வந்திருக்க வேண்டும். கையால் மாடல் செய்த ஆள் என்ற முறையில் என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது. 'அந்தந்தக் காலத்தின் மனதை முன்கூட்டியே அறிந்து உருவம் கொடுத்தவர்' என்று. அதற்குச் சாட்சியாக அவர்களுடைய கண்ணாடி அலமாரியில் இருக்கும் செல்போன் பொம்மையையும் குறிப்பிட்டிருந்தார்கள். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் தடவை வெட்கமாக இருந்தது. மூன்றாம் தடவை பழைய வயிற்றெரிச்சல் அப்படியே திரும்பி வந்தது. அந்த வரி லூர்துமேரி என்ற பெண்ணுக்குச் சேர வேண்டியது. அது என்னிடம் எப்படி வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருடம் களிமண், அடுத்த இரண்டு வருடம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். முதலில் குருவி, பிறகு மான், பிறகு மனிதக் கை. விரல் நகம் சரியாக வந்த அன்று என்னை விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரு பொம்மைப் பட்டறையின் மாடல் ரூமில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

தெரியாதவர்களுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் களிமண்ணில் ஓர் உருவம் செய்வேன், அதுதான் மாடல். அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்போம். அச்சுக்குள் மண்குழம்பை ஊற்றி, சற்று நேரம் கழித்து மீதியைக் கவிழ்த்துவிட்டால், உள்ளே ஒட்டிய மண் பொம்மையாக நிற்கும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் பொம்மை மேல் ஒரு தையல் கோடு விழும். அதை ஈர ஸ்பாஞ்சால் துடைத்தெடுக்க ஃபினிஷிங்கில் பெண்கள் இருந்தார்கள். பிறகு பொம்மை காய்ந்து, தள்ளுவண்டியில் ஏறி, பேட்டைக்கே பொதுவான சூளைக்குப் போகும்.

மண் காயும்போது சுருங்கும், சுடும்போது இன்னும் சுருங்கும். எங்கள் மண்ணுக்கு எட்டில் ஒரு பங்கு. ஈரத்தில் ஓர் அடி இருக்கிற பொம்மை, சூளையிலிருந்து பத்தரை அங்குலமாகத்தான் வரும். அதனால் மாடலையே பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால் எங்களிடம் ஒரு தனி ஸ்கேல் இருந்தது. அதில் ஓர் அங்குலம் என்று போட்டிருப்பது நிஜ அங்குலத்தைவிடப் பெரிது. அதை வைத்து அளந்தால் சுட்ட பிறகு அளவு சரியாக இருக்கும். பட்டறையில் அந்த ஸ்கேல் ஒன்றே ஒன்றுதான். அது என் மேஜை டிராயரில் இருந்தது.

எங்கள் ஃபோர்மேன் கோதண்டபாணி சார். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. சூளையிலிருந்து வந்த பொம்மையை எடுத்து நகத்தால் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். குறை இருந்தால், அதைக் கொண்டுபோய் யார் வேலையில் குறையோ அவர் மேஜையில் தலைகீழாக வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். மேஜையில் தலைகீழாக ஒரு பொம்மை நின்றால் அன்று அந்த ஆளுக்குச் சோறு இறங்காது. என் மேஜையில் பல வருடங்களாக அப்படி எதுவும் நின்றதில்லை. அதனால் என்னிடம் அவருக்கு ஒரு சலுகை உண்டு. மற்றவர்கள் மாடலுக்கு முதலில் ஒரே ஒரு பொம்மையைச் சுட்டுப் பார்த்த பிறகுதான் மொத்தமாகச் செய்ய விடுவார். "ராமலிங்கம் கையெழுத்து இருந்தா ட்ரையல் வேணாம்யா" என்பார்.

இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் நான் ஒரு மயில் செய்தேன். என் வாழ்க்கையில் நான் செய்ததில் அதுதான் அழகு. தோகையின் ஒவ்வொரு கண்ணையும் தனியாகச் செதுக்கினேன். அது விற்கவே இல்லை, பெட்டி பெட்டியாகக் குடோனில் கிடந்தது. ஒருநாள் டீ நேரத்தில் ஃபினிஷிங்கிலிருந்து ஒரு பெண் என் ரூம் வாசலில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். கை இரண்டும் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. பக்கத்துக் கிராமத்து மாதா கோயில் தெருவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அவள்தான் லூர்துமேரி.

"அண்ணே, மயிலு அழகாத்தான் இருக்குது. ஆனா டிவி மேல நிக்காது."

"டிவி மேல எதுக்கு நிக்கணும்?"

"இப்ப எல்லாரு வூட்டுலயும் பொம்மைய அங்கதான் வெக்கிறாங்க. தோகை அகலமா இருக்குது, விழுந்துடும்னு யோசிக்கிறாங்க. அதும் இல்லாம, இப்ப யாருக்கு அண்ணே மயிலு வேணும்? பொட்டப்புள்ள பாவாட கட்டிக்கிட்டு கம்ப்யூட்டரு முன்னாடி உக்காந்திருக்கிற மாரி ஒண்ணு செய்யுங்க. நல்லூருலேர்ந்து பஸ்ஸுல வர்ற விவசாயிங்க எல்லாம் அந்தப் பேச்சுதான் பேசறாங்க. புள்ளைய கம்ப்யூட்டருல போடணும், கம்ப்யூட்டருல போடணும்னு."

நான் சிரித்தேன். கம்ப்யூட்டர் என்பது ஒரு பெட்டி. பெட்டி செய்வதற்கா நான்கு வருடம் பயிற்சி எடுத்தேன்? ஆனால் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கோதண்டபாணி சார் சிரிக்கவில்லை. மறுநாள் அதைச் செய்யச் சொன்னார். வேண்டா வெறுப்பாக ஒரு வாரத்தில் முடித்துக் கொடுத்தேன். ரெட்டை ஜடை, பாவாடை, முன்னால் ஒரு பெட்டி. அந்தத் தீபாவளிக்கு அது போன வேகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. புதுமனை புகுவிழா, பள்ளிக்கூடப் பரிசு எல்லாவற்றுக்கும் அதையே வாங்கினார்கள். என் மனைவி தன் தம்பி மகளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து, "இந்த மாரி புது யோசனையெல்லாம் உங்களுக்கு எப்பிடி வருது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பொய் சொல்லாமலே பெருமையை வாங்கிக்கொள்ளும் வித்தை எனக்கு அன்றே கைவந்துவிட்டது.

அதன் பிறகு கோதண்டபாணி சார் ஒருநாள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "காலத்துக்குன்னு ஒரு மனசு இருக்குது, ராமலிங்கம். ஊரு பூரா ஒரே நேரத்துல ஒண்ணையே ஆசப்படும், எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. அந்தப் பொண்ணுக்கு அது கேக்குது. உனக்குக் கை இருக்குது. அதுக்குக் காது இருக்குது."

அவர் என்னைப் பாராட்டுவதாகத்தான் நினைத்துக்கொண்டார். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. காலமாவது, மனசாவது என்று நினைத்தேன். நல்ல வேலை எந்தக் காலத்திலும் நல்ல வேலைதான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால் மனம் தேறவில்லை. பத்தாம் வகுப்பு மட்டுமே படித்த ஒரு பெண்ணுக்குப் பஸ்ஸில் கேட்பது எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். அந்தக் காதைப் பிடித்துவிடலாம் என்று நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஊர் ஊராகப் போனேன். மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் நின்றேன். பெண்ணாடம் பஸ் ஸ்டாண்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் கையைப் பார்த்தேன். எல்லார் கையிலும் பைதான் இருந்தது. கடைசியில், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகும் டிராக்டர்களைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. இதுதான் இந்தப் பக்கத்துக் காலத்தின் மனசு என்று முடிவு செய்து, ஒரு கரும்பு டிராக்டர் செய்தேன். ஒவ்வொரு கரும்புக்கும் கணு வைத்தேன். ஒன்றுகூடப் போகவில்லை.

லூர்துமேரி அதன் தையலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்த டிராக்டரு பின்னாடி பஸ்ஸு மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னவங்க, அதையே வாங்கியாந்து வூட்டுலயும் வெப்பாங்களா அண்ணே?"

ஃபினிஷிங்கில் இருந்த எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். அவள் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சந்தேகம் கேட்டாள். அதுதான் இன்னும் வலித்தது.

இப்போது கடிதத்தில் குறிப்பிட்டிருந்த அந்தச் செல்போன் பொம்மைக்கு வருகிறேன். செல்போன் அப்போதுதான் எங்கள் பக்கம் கண்ணில் பட ஆரம்பித்திருந்தது. வளைகுடாவிலிருந்து லீவில் மங்கலம்பேட்டைக்கு வருகிறவர்கள் சட்டைப்பை தொங்கத் தொங்க வைத்திருப்பார்கள். எங்கள் முதலாளியிடமும் ஒன்று இருந்தது. கனமான கறுப்பு போன், அதன்மேல் வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவர் கிழிக்கவில்லை. லூர்துமேரி கோதண்டபாணி சாரிடம் போய்ச் சொன்னாளாம்: "சார், அத கைப்புள்ள மாரி தூக்கிக்கிட்டுத் திரியுறாங்க. வூட்டுக்கு வந்தா படுக்க வெக்க எடம் வேணாமா? அம்மா காலை நீட்டி உக்காந்து, புள்ளைய கால்ல போட்டுக் குளிப்பாட்டுவாங்கல்ல, அந்த மாரி ஒரு பொம்ம. புள்ளை இருக்கிற எடத்துல போன வெச்சிக்கலாம்."

சார் இதை என்னிடம் வந்து சொன்னார். காலை நீட்டி உட்கார்ந்த தாய், காலின்மேல் பிள்ளைக்குப் பதில் போன். ஊர் அப்போது இருந்த இருப்பை இதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது. பார்த்தவர்கள் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே வாங்குவார்கள். அந்த யோசனை எனக்கு வந்திருக்கக் கூடாதா என்று அன்று முழுக்கக் கிடந்து புழுங்கினேன்.

அதோடு நிற்கவில்லை. முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அவளே மாடல் செய்யட்டும், நன்றாக வந்தால் ஃபினிஷிங்கிலிருந்து எடுத்து மாடல் ரூமிலேயே நிரந்தரமாகப் போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார். ஃபினிஷிங்கில் நாள் முழுக்க நின்றுகொண்டே தண்ணீரில் வேலை, வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை. மாடல் ரூமில் நாற்காலி, மாதச் சம்பளம், பெயர். என் மேஜைக்கு எதிரே இன்னொரு மேஜையைக் கொண்டுவந்து போட்டார்கள். அவள் அதன்மேல் ஒரு சின்ன மாதா படத்தை வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

பதினைந்து நாள் செய்தாள். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் சரியில்லை, காது மொட்டையாக இருந்தது. ஆனால் அந்த முகம் குனிந்திருந்த விதம் உயிரோடு இருந்தது. போனுக்கு இடம், தாயின் வயிற்றுக்கும் மேல்நோக்கி நின்ற பாதங்களுக்கும் நடுவில். முதலாளியின் போனை வாங்கிவைத்து, மகன் பள்ளிக்கூடப் பையிலிருந்து எடுத்துவந்த ஸ்கேலால் அளந்தாள். அந்த ஸ்கேலைப் பார்த்த உடனே, சுட்ட பிறகு இடம் பத்தாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மண் சுருங்கும் என்பது அவளுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். கேள்விப்பட்டிருப்பாள். ஆனால் ஃபினிஷிங்கில் இருப்பவர்கள் இன்னும் சுடாத பச்சைப் பொம்மையைத்தான் தொடுவார்கள். சுட்டு வந்ததை அளந்து பார்க்கும் வேலை அவர்களுக்கு இல்லை. சுருக்கத்துக்கு வேண்டியதை அச்சு எடுக்கும்போது நான் கூட்டிக்கொள்வேன் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி எதுவும் கூட்ட முடியாது. மாடலில் விட்டது விட்டதுதான்.

முடித்த அன்று என் மேஜைக்கு வந்தாள். "அளவு சரியா இருக்குதா அண்ணே?"

டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. அதற்குள்தான் அந்த ஸ்கேல்.

"போன் எந்த அளவோ அந்த அளவுக்குச் செஞ்சிருக்க" என்றேன்.

அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அவள் முகம் மலர்ந்தது. மாடலைத் திருப்பி அடியில் ஓர் ஊசியால் தன் பெயரைக் கீறிக்கொண்டாள். மாடலில் கீறியது அச்சில் ஏறி எல்லாப் பொம்மையிலும் வரும்.

மாடலோடு ஒரு கார்டு போக வேண்டும். அதில் மூன்று கட்டம்: மாடல் அளவு, காய்ந்த அளவு, சுட்ட அளவு. முதல் கட்டத்தை அவள் நிரப்பியிருந்தாள். மற்ற இரண்டையும் நான் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். நிரப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டையும் காலியாக விட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டேன். ரம்ஜானுக்குள் சரக்கு வேண்டும் என்று மங்கலம்பேட்டை வியாபாரி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். என் கையெழுத்தைப் பார்த்ததும் கோதண்டபாணி சார் கார்டைப் படிக்காமலே மொத்தத்தையும் செய்ய விட்டுவிட்டார்.

சூளையிலிருந்து வண்டி வந்த அன்று முதலாளியே வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து முதல் பொம்மையின் காலில் வைத்தார். அது உட்காரவில்லை. பாதங்கள் தடுத்தன. சாய்த்து வைத்துப் பார்த்தார், கவிழ்த்து வைத்துப் பார்த்தார். அடுத்த பொம்மை, அதற்கடுத்தது. லூர்துமேரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "பொம்பளப் புள்ளகிட்ட அளவ விட்டது என் தப்பு" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

அவள் அழவில்லை. எதிர் மேஜைக்கு வந்து மாதா படத்தை எடுத்து முந்தானையில் துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டு ஃபினிஷிங்குக்குப் போனாள். எனக்கு அந்த நிமிடம் பாவமாக இருந்தது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் கோதண்டபாணி சார் ஒரு பொம்மையோடு ரூமுக்குள் வந்தார். அவள் மேஜையைத் தாண்டி வந்து, என் மேஜையில் அதைத் தலைகீழாக வைத்தார். அன்றைக்கு மட்டும் ஒரு வாக்கியம் பேசினார்.

"கார்டுல ரெண்டு கட்டம் காலியா இருக்குது, ராமலிங்கம்."

அதன் பிறகு அதைப் பற்றி யாரிடமும் அவர் பேசவில்லை, முதலாளியிடம்கூட. ஆனால் அதற்கடுத்து நான் செய்த ஒவ்வொரு மாடலுக்கும், ஓய்வு பெறும் நாள்வரை, முதலில் ஒரு பொம்மையைச் சுட்டுப் பார்த்த பிறகுதான் மேலே விட்டார்.

லூர்துமேரி இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டாள். மங்கலம்பேட்டையில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். காலி மேஜையில் நான் என் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டேன். அவள் பொம்மைகள் எல்லாம் என் மயிலுக்குப் பக்கத்தில் குடோனில் அடுக்கப்பட்டன.

இரண்டு வருடம் போயிருக்கும். கோதண்டபாணி சார் ஓய்வு பெற்றுவிட்டார். ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு லூர்துமேரி பட்டறைக்கு வந்தாள், கூலிக்காரியாக இல்லை, கடைக்குச் சரக்கு எடுக்கும் ஆளாக. முதலாளி நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காராமல், "அந்தச் சின்னதாப் போன பொம்ம இன்னும் குடோன்ல கெடக்குதுங்களா சார்?" என்று கேட்டாள். ஒன்றைத் தூசு தட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் கைப்பையிலிருந்து தன் செல்போனை எடுத்தாள். அந்த இரண்டு வருடத்தில் போன்கள் எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி சின்னதாகியிருந்தன. பொம்மையின் காலில் வைத்தாள். வயிற்றுக்கும் பாதத்துக்கும் நடுவில் அது அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது.

குடோனில் இருந்த அத்தனையும் அந்த வாரமே போய்விட்டன. அதற்குமேல் ஆர்டர் குவிந்தது. முதலாளி பழைய கார்டைத் தேடி எடுத்தார். அதில் இருந்த ஒரே கையெழுத்து என்னுடையது. "போன் சின்னதாவும்னு அப்பவே தெரிஞ்சு வெச்சிருக்கான்யா நம்ம ராமலிங்கம்" என்று பேட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் மறுக்கவில்லை. பயிற்சி நிலையத்து அலமாரிக்குப் பொம்மையைக் கொடுத்தபோது, செய்தவர் என்று என் பெயர்தான் போயிற்று.

அதைவிடப் பெரியது ஒன்று அவள் சரக்கு எடுக்க வந்த அன்றே நடந்துவிட்டது. முதலாளியிடம் பேசி முடித்துவிட்டு லூர்துமேரி என் ரூமுக்கு வந்தாள். எதிர் மேஜையில் என் டிபன் பாக்ஸ் இருப்பதைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி அளவு தெரிஞ்சேதான விட்டீங்க?"

ஆமாம் என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"போனு சின்னதாவும்னு உங்களுக்கு அப்பவே தோணிருக்குது. எனக்குத்தான் தோணல. நான் ஒங்கள தப்பா நெனச்சி ரெண்டு வருஷம் மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன். மன்னிச்சிக்கங்க அண்ணே."

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் உண்மையாகவே அப்படி நம்பினாளா, இல்லை எல்லாம் தெரிந்து நான் வாயைத் திறக்க ஒரு வழி விட்டுப் பார்த்தாளா என்று இத்தனை வருடம் யோசித்துவிட்டேன். எதுவாக இருந்தாலும் எனக்குப் பொறாமைதான். நம்பினாள் என்றால் அந்த மனசின்மேல் பொறாமை. தெரிந்தே சொன்னாள் என்றால் அந்தத் தைரியத்தின்மேல் பொறாமை. காலம்கூட அவள் பக்கம்தான் நின்றது. நான் கெடுத்த அளவை அதுவே வந்து சரிசெய்து அவளிடம் கொடுத்தது.

இதை எழுதுவதற்கு முன்னால் நேற்று பயிற்சி நிலையத்துக்குப் போய்வந்தேன். அலமாரியைத் திறந்துவிடச் சொல்லி அங்கிருந்த அலுவலரிடம் கேட்டேன். பொம்மைக்கு முன்னால் என் பெயர் அச்சடித்த சீட்டு இருந்தது. கோதண்டபாணி சார் வைப்பது போலவே பொம்மையைத் தலைகீழாக நிறுத்தினேன். கவிழ்ந்து கிடந்த அந்தத் தாயைப் பார்த்து அலுவலர், "என்னா சார், அபசகுனமா" என்றார். அடியில் குழம்பு கவிழ்த்த ஓட்டைக்குப் பக்கத்தில் ஊசியால் கீறிய எழுத்து இருந்தது. பொம்மை இனி தலைகீழாகவே இருக்கட்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டு அதைப் படித்தேன். லூர்துமேரி. அந்தப் பெயரும் எட்டில் ஒரு பங்கு சுருங்கித்தான் இருந்தது. ஆனால் ஓர் எழுத்துகூடக் கெடவில்லை.